அழைப்பை ஏற்க விரும்பாதவர்

ரொட்டிக்காரரின் பழைய போன் மாவு பிசையும் இயந்திரத்துக்குள் விழுந்தது விபத்து. அன்று காலை அவர் மனைவியோடு போட்ட சண்டை விபத்து அல்ல. அதற்கு இருவரும் நன்றாகத் தயாராகியிருந்தார்கள்.

மனைவி சரக்குக் கப்பலில் சமையல்காரி. தெருவில் எல்லோரும் அவளைக் கப்பல்காரி என்றே சொல்வார்கள். இந்தத் தடவை கரை இறங்கியதும் இனிமேல் கடலுக்குப் போவதில்லை, பேக்கரியைச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னவள், கடைசியாக ஒரே ஒரு ஒப்பந்தம் என்று மறுபடி பெட்டியைக் கட்டினாள். ரொட்டிக்காரருக்கு வந்த கோபத்தில், “போறதுன்னா போ. அங்கேருந்து போன் மட்டும் பண்ணாத. நான் எடுக்கவே மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். அவளும், “எடுக்காட்டி போங்க” என்று வாசல் படி இறங்கிவிட்டாள். அந்தப் பதற்றத்தில்தான் சட்டைப் பையிலிருந்த போன் மாவுக்குள் விழுந்தது. சிம்மை மட்டும் தோண்டி எடுத்துக் கழுவி, ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்தார்.

கோபம் இரண்டு நாளில் வடிந்துவிட்டது. ஆனால் அதை அவளிடம் சொல்ல வழியில்லை. கப்பலிலிருந்து வெளியே பேசலாம். வெளியிலிருந்து கப்பலுக்குப் பேச முடியாது. துறைமுகத்துக்குத் துறைமுகம் அவளுடைய எண்ணும் மாறும். அவளாகக் கூப்பிட்டால்தான் உண்டு.

அப்படியிருக்கையில், அதே கப்பலிலிருந்து வேலை முடிந்து இறங்கிய ஒருவர் பேக்கரிக்கு வந்து ஒரு புதுப் பெட்டியை நீட்டினார்.

“அக்கா குடுக்கச் சொன்னாங்க. உங்க பழைய போன்ல சத்தமே கேக்காதாமே. இது லாக் இல்லாத போன். எந்த கம்பெனி சிம்ம போட்டாலும் வேலை செய்யும்னு கடைக்காரன் சொன்னான். அடுத்த துறைமுகம் வந்ததும் அவங்களே கூப்பிடுவாங்களாம். நீங்க எடுத்தா போதும்னாங்க.”

ரொட்டிக்காரர் மாவுக் கையைத் துடைத்துவிட்டு அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டார். பிறகு வந்தவருக்கு ஒரு பை நிறைய பன் கொடுத்து அனுப்பினார்.

சிம்மைப் போட்டதும் போனின் மூலையில் சிக்னல் கோடுகள் வரிசையாக எழுந்து நின்றன. ஒரு கோடுகூடக் குறையவில்லை. ஆனால் யாரையும் கூப்பிட முடியவில்லை. யார் கூப்பிட்டும் மணி அடிக்கவில்லை. இணையம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு விஷயம் மட்டும் தவறாமல் வந்தது. ‘எங்கள் அதிவேகக் குடும்பத்தில் இணைந்ததற்கு வாழ்த்துகள்’ என்று கம்பெனியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. சற்று நேரத்தில் இன்னொன்று வந்தது. அதில் மேலும் வாழ்த்தியிருந்தார்கள்.

“என்ன மாப்ள, எம் பொண்ணு கூப்பிட்டாளா?” என்று மாமியார் கேட்டார். மகள் கடலில் இருக்கும்போது மாமியார் இந்த வீட்டில் இருப்பார். போனைத் தொடமாட்டார், அது தன்னை ஒட்டுக்கேட்கிறது என்பது அவர் கட்சி.

“இல்ல அத்தே. வாழ்த்துதான் வருது.”

“யாரு வாழ்த்துறா?”

“கம்பெனி.”

“அவனுக்கு என்ன அவ்ளோ சந்தோஷம்?”

அதை விசாரிக்கத்தான் ரொட்டிக்காரர் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை மையத்துக்குப் போனார்.

மையம் குளிர்ச்சியாக இருந்தது. சுவரெல்லாம் காதில் போனை வைத்துச் சிரிக்கும் குடும்பங்களின் படங்கள். படத்தில் இருந்தவர்களைத் தவிர அங்கே யாரும் சிரிக்கவில்லை. இயந்திரம் துப்பிய டோக்கனை வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார். கடைசியில் கவுன்டரிலிருந்த இளம்பெண் போனை வாங்கி, அணைத்து, மறுபடி போட்டாள். அது அந்த மையத்தில் எல்லா நோய்க்கும் செய்யும் முதல் சிகிச்சை. பிறகு போனைத் திருப்பிப் பார்த்தாள்.

“இது எங்க வாங்கினது சார்?”

“சம்சாரம் ஒரு துறைமுகத்துல வாங்குனா. லாக் இல்லாத போன்.”

அந்தப் பெண் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். “மெதுவாப் பேசுங்க சார். பின்னாடி ஆளுங்க இருக்காங்க.”

ரொட்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். வரிசையில் நின்ற ஒரு அம்மாள் தன் போனைக் கைப்பைக்குள் வைத்து மூடிக்கொண்டார்.

அவரை உள்ளே மேலாளரின் அறைக்கு அனுப்பினார்கள். மேலாளர் மிகவும் அன்பான மனிதர். தண்ணீர் கொடுத்தார். போனை ஒரு காகிதத் துண்டின் மேல் வைக்கச் சொன்னார்; நேராக மேசையில் படவேண்டாம் என்றார்.

“சார், உங்க மேல எனக்கு எந்தச் சந்தேகமும் இல்ல. உங்க போன் மேலதான். இது யாருக்கும் கட்டுப்படாத போன். இன்னிக்கு நம்ம சிம்ம ஏத்துக்கும், நாளைக்கு எதிரி கம்பெனி சிம்ம ஏத்துக்கும். அப்படிப்பட்ட போன எங்க நெட்வொர்க் எப்படி நம்பும்?”

“நம்ப என்ன சார் இருக்கு? பேசத்தானே போறேன்.”

“அப்படித்தான் எல்லாரும் ஆரம்பிக்கிறாங்க.” மேலாளர் கனிவாகச் சிரித்தார். “பூட்டுன்னா ஏதோ ஜெயில்னு நெனைக்காதீங்க. வீட்டுக்குக் கதவு இல்லயா? அது மாதிரி. ஒரு பாதுகாப்பு.”

“வீட்டுக் கதவுல தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கும் சார்.”

“கரெக்ட். இதுல எங்க பக்கம் இருக்கும். உங்களுக்கு எதுக்கு அந்தச் சிரமம்?”

எங்கள் கடையிலேயே பூட்டிய போன் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பிரச்சினை இன்றே தீர்ந்தது என்றார் மேலாளர். ரொட்டிக்காரர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவள் வாங்கிக் கொடுத்த போன். இதில் பேசுவேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். அதைப் பெட்டியில் போட்டுவிட்டு வேறு போனில் அவளோடு சமாதானம் பேச அவருக்கு மனசு வரவில்லை. இதையெல்லாம் மேலாளரிடம் சொல்லவும் கூச்சமாக இருந்தது. “எனக்கு இதுதான் வேணும்” என்று மட்டும் சொன்னார். மேலாளர் அதைக் கொள்கைப் பிடிவாதம் என்று புரிந்துகொண்டு கணினியில் ஏதோ தட்டினார்.

அன்று மாலை பக்கத்துத் தையல்காரரின் போனைக் கொஞ்ச நேரம் இரவல் வாங்கித் தன் சிம்மை அதில் போட்டுப் பார்த்தார். அதிலும் மணி அடிக்கவில்லை. மறுநாள் மையத்தில் விசாரித்தபோது கவுன்டர் பெண் வருத்தத்தோடு விளக்கினாள்.

“லாக் இல்லாத போன்ல இருந்த சிம் சார். இப்ப அதுவும் கண்காணிப்புல இருக்கு. எதுல போட்டாலும் வேலை செய்யாது.”

“அப்போ நான் வேற கம்பெனிக்கு மாறிக்கறேன்மா. இதே நம்பர வச்சுக்கலாமாமே?”

“தாராளமா சார். அது உங்க உரிமை. உங்க நம்பருக்கு ஒரு கால் வரும், அதுல ஒரு எண் சொல்லுவாங்க. அத இங்க சொன்னா போதும்.”

“என் நம்பருக்குத்தான் கால் வராதே.”

“ஆமா சார்” என்றாள் அவள். தன் கண்களைக் கணினித் திரையிலேயே வைத்துக்கொண்டாள்.

இதன் பிறகு மேலாளர் ஒரு சலுகை செய்தார். தலைமை அலுவலகத்தோடு பேசி, அந்தப் போனுக்குப் பழகுநர் காலம் வாங்கிக் கொடுத்தார். ரொட்டிக்காரர் தினமும் முதல் சுற்று ரொட்டியை அடுப்பிலிருந்து இறக்கியதும், மாவு ஒட்டிய கையோடு மையத்துக்கு வந்து போனை ஒப்படைக்க வேண்டும். அதைக் கண்ணாடிப் பேழையில், கம்பெனியின் இரண்டு பூட்டிய போன்களுக்கு நடுவில் வைப்பார்கள். நெட்வொர்க்கும் போனும் ஒன்றையொன்று புரிந்துகொள்ள அது உதவும் என்றார்கள். மதியம் அவர் வந்து அழைத்துப் போகலாம். முதல் வாரமே யாரோ ஒருவர் அந்தப் போன்தான் வேண்டும் என்று விலை கேட்டாராம். “அது விற்பனைக்கு இல்ல சார், திருந்திட்டிருக்கு” என்று சொல்லி அனுப்பியதாகக் கவுன்டர் பெண் சொன்னாள்.

“எப்படி இருக்கு இன்னிக்கு?” என்று ரொட்டிக்காரர் கேட்பார்.

“முன்னேற்றம் தெரியுது சார்” என்பாள். “நேத்து மூணு வாழ்த்து வந்துச்சு.”

வீட்டில் நிலைமை முன்னேறவில்லை. கப்பல் இந்நேரம் எத்தனையோ துறைமுகங்களைத் தொட்டிருக்கும். மாமியார் மருமகனோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது மட்டும் அதைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார்.

“எம் பொண்ணு கூப்பிடாம இருக்க மாட்டா. நீங்கதான் என்னமோ பண்ணிட்டீங்க.”

“நான் என்ன அத்தே பண்ணேன்? போன் நடத்தைப் பயிற்சில இருக்கு.”

“பயிற்சி போனுக்கா, உங்களுக்கா?”

பழகுநர் காலம் முடிந்த அன்று சோதனை அழைப்பு. மேலாளர் தன் அறையில் ரொட்டிக்காரரை எதிரில் உட்காரவைத்தார். பூட்டில்லாத போன் இருவருக்கும் நடுவில், காகிதத்தின் மேல். மேலாளர் தன் போனிலிருந்து அந்த எண்ணை அழுத்திக் காதில் வைத்தார். மேசை மேலிருந்த போன் அசையவில்லை. மேலாளர் கொஞ்ச நேரம் கவனமாகக் கேட்டுவிட்டுப் போனை இறக்கினார். முகத்தில் சிறிய மனவருத்தம்.

“என்ன சார் இது. நீங்க எடுக்க விரும்பலையாமே.”

“என்னது?”

“கேளுங்க.” ஒலிபெருக்கியில் போட்டார். ஒரு பெண் குரல், தேன் தடவிய மாதிரி, சொன்னது: “நீங்கள் அழைத்த வாடிக்கையாளர் தற்சமயம் உங்கள் அழைப்பை ஏற்க விரும்பவில்லை.”

“நான் இங்கதானே சார் உக்காந்திருக்கேன்! எனக்கு எடுக்கணும்னு ஆசையா இருக்கு!”

“ஆசைய நான் மறுக்கல. ஆனா நெட்வொர்க் வேற சொல்லுது. நெட்வொர்க் பொய் சொல்லாது சார்.”

ரொட்டிக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். “இத… யாரு கூப்பிட்டாலும் இதத்தான் சொல்லுமா?”

“எல்லாருக்கும் ஒரே மாதிரிதான். நாங்க பாரபட்சம் பாக்கறதில்ல.”

“வெளிநாட்டுலேருந்து கூப்பிட்டா?”

“அவங்க மொழியிலயும் ஒரு தடவ சொல்லும்.”

எங்கோ ஒரு துறைமுகத்தில், கிரேன் சத்தத்துக்கு நடுவில், ஒரு காதைப் பொத்திக்கொண்டு அவள் இதைக் கேட்டிருப்பாள். எடுக்கவே மாட்டேன் என்று வாயால் சொன்ன மனுஷன், சொன்னபடி எடுக்கவில்லை என்று நினைத்திருப்பாள். அடுத்த துறைமுகத்தில் மறுபடி கேட்டிருப்பாள்.

“சார்,” என்றார் அவர். “எங்க நெட்வொர்க் எடுக்க விடலைன்னு சொல்ல வேண்டியதுதானே? ஏன் நான் விரும்பலைன்னு சொல்றீங்க?”

மேலாளர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். ஒரு நல்ல கேள்வி கேட்கப்பட்ட மகிழ்ச்சி அவர் முகத்தில் தெரிந்தது.

“முன்னாடி அப்படித்தான் சார் இருந்துச்சு. ‘எங்கள் நெட்வொர்க்கில் கோளாறு’ன்னு. அதனால கம்பெனி பேரு கெட்டுச்சு. அப்புறம் ஒரு நிபுணர் குழு போட்டாங்க. அவங்க ரொம்ப ஆராய்ஞ்சு, வாடிக்கையாளர் விரும்பலைன்னு மாத்தச் சொன்னாங்க. இப்போ வாடிக்கையாளர் பேருதான் கெடுது. புகார் பாதியாக் குறைஞ்சிருச்சு. ஏன்னா கூப்பிட்டவங்க அவர்கிட்டதான் கோவிச்சுக்கறாங்க, எங்ககிட்ட இல்ல.” சற்று யோசித்து, “சில வீடுங்கள்ல பேச்சுவார்த்தையே நின்னுபோயிருக்கு. அதனால நெட்வொர்க்ல நெரிசலும் குறைஞ்சிருக்கு” என்று சேர்த்துக்கொண்டார்.

ரொட்டிக்காரர் போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை. மையத்தின் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாளும் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்கடுத்த நாளும். எதையும் கேட்கவில்லை, கத்தவில்லை. ரொட்டி வேலை முடிந்ததும் வந்து உட்காருவார், அவ்வளவுதான். அவரை வெளியேற்ற விதியில் இடமில்லை. வாடிக்கையாளர் எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருப்பார் என்று யாரும் எதிர்பார்த்து விதி எழுதவில்லை.

அப்படி ஒரு நாள், கவுன்டரில் இருந்த புகார்த் தொலைபேசி அடித்தது. அந்த வட்டாரத்து எண்களைப் பற்றிய புகார் எங்கிருந்து வந்தாலும் அந்த மேசைக்குத்தான் வரும். கம்பெனியிலேயே எப்போதும் ஒழுங்காக வேலை செய்த தொலைபேசி அதுதான்.

“வணக்கம், உங்கள் அழைப்பு தரத்துக்காகப் பதிவு செய்யப்படுகிறது, சொல்லுங்க மேடம்” என்றாள் கவுன்டர் பெண். கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது. “மேடம், அந்த நம்பர்ல… ஆமா மேடம், அந்த மெசேஜ் வரும்… இல்ல மேடம், அவர் விரும்பலைன்னு இல்ல…” அவள் கண் நாற்காலியில் இருந்த ரொட்டிக்காரரிடம் போயிற்று. பிறகு மேலாளர் அறைப் பக்கம் போயிற்று.

மேலாளர் வெளியே வந்துவிட்டார். “என்ன விஷயம்?”

“கப்பல்லேருந்து ஒரு மேடம் சார். அவங்க வீட்டுக்காரர் போனயே எடுக்கறதில்லையாம். உயிரோட இருக்காரான்னாவது சொல்லுங்கன்னு கேக்கறாங்க.”

ரொட்டிக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

“ஒரு வாடிக்கையாளரப் பத்தி இன்னொருத்தருக்கு நாம தகவல் தரக்கூடாது” என்றார் மேலாளர். “தனியுரிமை.”

“சார், அவர் இங்கயே நிக்கறார் சார்.”

“நிக்கட்டும். அத அவங்ககிட்ட சொல்லக்கூடாது. அவர்கிட்டயும் போனக் குடுக்கக்கூடாது. புகார் கொடுத்தவங்க ஒருத்தர், புகாருக்கு உள்ளானவர் இன்னொருத்தர். ரெண்டு பேரும் நேரடியாப் பேசிக்கிட்டா அப்புறம் புகார் மையம் எதுக்கு?”

கவுன்டர் பெண் மேலாளரைப் பார்த்தாள். ரிசீவரைப் பார்த்தாள். “லைன் சரியாக் கேக்கல சார்” என்று சொல்லி ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்திவிட்டு, மேசைக்கடியில் எதையோ தேடுவதற்காகக் குனிந்துவிட்டாள். வெகுநேரம் அவள் நிமிரவில்லை.

“ஹலோ? ஹலோ?” கப்பல்காரியின் குரல் மையம் முழுக்கக் கேட்டது. பின்னால் காற்றும் இரும்புச் சத்தமும். “இருக்காரா இல்லையான்னு மட்டும் சொல்லிடும்மா. கோவம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும்.”

“இருக்கேன்!” என்று ரொட்டிக்காரர் வரிசையைத் தாண்டிக் கத்தினார். “ஏய், நான் இங்கதான் இருக்கேன்!”



“நீங்க எங்க… இது கம்பெனி நம்பராச்சே?”

“தினமும் இங்கதான் கெடக்கேன். உன் போன இவனுங்க ஏத்துக்க மாட்டேங்கறானுங்க. அந்த மெசேஜ் நான் சொன்னதில்ல, சத்தியமா.”

“எத்தன தடவ கேட்டேன் தெரியுமா அத? விரும்பலை, விரும்பலைன்னு. கடைசில அந்தப் பொம்பள குரல் மேலயே சந்தேகம் வந்துருச்சு எனக்கு.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

“எனக்குக் கோவம் ரெண்டு நாளுதான் இருந்துச்சு” என்றார் ரொட்டிக்காரர். கண்ணைத் துடைத்ததில் இமையில் மாவு ஒட்டியது. “மிச்சமெல்லாம் கம்பெனியோட கோவம்.”

அதன் பிறகு அவர்கள் வெகுநேரம் பேசினார்கள். பேக்கரி அடுப்பின் கதவு சரியாக மூடாததைப் பற்றி, மாமியாரின் முழங்காலைப் பற்றி, கப்பல் கேப்டனுக்கு எதைக் கொடுத்தாலும் காரம் போதவில்லை என்பதைப் பற்றி. டோக்கன் வைத்திருந்தவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. கைப்பைக்குள் போனை மூடிக்கொள்ளும் ரகத்து அம்மாள் ஒருவர், “நீ கவலப்படாதம்மா, மனுஷன் எளச்சுத்தான் போயிருக்கார்” என்று தானாகவே சான்று கொடுத்தார். மேலாளர் தடுக்கத்தான் நினைத்தார். ஆனால் புகார் அழைப்பை நடுவில் துண்டிக்கக் கூடாது என்பதும் விதி. இரண்டு விதிகளுக்கு நடுவில் அவர் அசையாமல் நின்றார்.

கவுன்டர் பெண்ணுக்கு விளக்கம் கேட்டு உத்தரவு வந்திருக்க வேண்டும். வரவில்லை. காரணம், தலைமை அலுவலகம் புகார் அழைப்புகளை அளக்கும் விதம். கம்பெனியின் சரித்திரத்தில் அதுவரை எவரும் புகார் மையத்தோடு அவ்வளவு நேரம் பேசியதில்லை; காத்திருக்கச் சொல்லிப் போடும் பாட்டைக் கேட்டே சலித்து வைத்துவிடுவார்கள். இந்த அம்மையார் பேசி முடித்தது மட்டுமல்ல, சிரித்துக்கொண்டே வைத்திருக்கிறார். எங்கள் சேவை எப்படி இருந்தது என்று கடைசியில் இயந்திரம் கேட்டதற்கு உச்ச மதிப்பெண்ணையும் அழுத்தியிருக்கிறார். எல்லா மையங்களிலும் இந்த மையம் முதலிடம் என்று அறிவித்தார்கள்.

மேலாளர் அதன் பின் கப்பல்காரியின் அழைப்பைத் தடுக்கவில்லை. துறைமுகம் வந்ததும் அவள் புகார் எண்ணைக் கூப்பிடுவாள். மேலாளரே பேக்கரிக்கு ஆள் அனுப்புவார். விஷயம் பரவி, போன் வேலை செய்யாத மற்றவர்களும் வர ஆரம்பித்தார்கள். வெளியூரில் இருக்கும் மகன்கள், அக்காக்கள், கல்யாணம் நிச்சயமானவர்கள் எல்லோரும் புகார் எண்ணுக்குக் கூப்பிட்டார்கள். மையத்தில் இன்னும் நாற்காலிகள் போட்டார்கள். ‘உறவு மேசை’ என்று பலகை மாட்டி ஒரு விழாவும் வைத்தார்கள். மேலாளர் பேசினார்:

“நண்பர்களே, போன் வேலை செஞ்சா என்ன ஆகுது? வாடிக்கையாளர் வீட்டுலயே இருந்துடறார். அவர் முகத்தையே நாம பாக்கறதில்ல. போன் வேலை செய்யலைன்னாதான் நம்மளத் தேடி வர்றார். நம்மகூடயே உக்காந்திருக்கார். ஆகவே போன்கள் வேலை செய்யாம இருக்க நம்ம பொறியாளர்கள் இரவு பகலா எடுத்துக்கிட்ட முயற்சிக்கு நான் நன்றி சொல்றேன்.”

பொறியாளர்கள் எழுந்து வணங்கினார்கள். கைதட்டல் பலமாக இருந்தது. ரொட்டிக்காரருக்கு மேடையில் ஒரு பரிசு கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தால் கம்பெனியின் பூட்டிய போன். அதை மாமியாரிடம் கொடுத்தார். அவர் அதை ஒரு துணியில் சுற்றி அரிசி டின்னுக்கு அடியில் போட்டுவிட்டார்.

ஒப்பந்தம் முடிந்து கப்பல்காரி ஊர் திரும்பினாள். வாசலில் பெட்டியை வைத்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, “எங்க அந்தப் போனு?” என்பதுதான். ரொட்டிக்காரர் அடுப்படியைக் காட்டினார். உள்ளே ரொட்டி வெந்திருக்கிறதா என்று பார்க்க அதன் டார்ச்சைத்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தார். டார்ச் அடிக்க நெட்வொர்க்கின் அனுமதி தேவையா என்று அவர் மையத்தில் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதே நல்லது என்று கவுன்டர் பெண் சொல்லியிருந்தாள்.

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் மேலாளர் பேக்கரிக்கு வந்தார். ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டார். ஆனாலும் போகவில்லை. கப்பல்காரி மேசையில் மாவை உருட்டிக்கொண்டிருந்தாள்.

“மேடம் நல்லா இருக்காங்களா? ரொம்ப சந்தோஷம்.” மேலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “ஒண்ணும் இல்ல சார், சும்மா விசாரிச்சிட்டுப் போலாம்னு. மேடம் அடுத்த கப்பலுக்கு எப்போ கெளம்பறாங்க?”

“எதுக்கு சார்?”

“நம்ம மையம் நாலாவது எடத்துக்கு எறங்கிருச்சு. மேடம் மாதிரி மனசாரப் பேசறவங்க இப்போ யாரும் இல்ல. மத்தவங்கல்லாம் ரெண்டு வார்த்தையோட வச்சிடறாங்க. தூரம் பத்தல. மேடம் ஒரு ஆறு மாசம், கொஞ்சம் தள்ளியே போய்ட்டு வந்தாங்கன்னா…” அவர் குரலில் உண்மையான கவலை இருந்தது. “கம்பெனி சார்பா வழியனுப்பு விழாகூட வைக்கலாம்.”

ரொட்டிக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் மாவில் ஒரு துளி கிள்ளி வாயில் போட்டாள்.

“உப்பு எங்கங்க?” என்றாள்.

“போட்டிருக்கேன்.”

“போட்டிருக்கீங்களா? இதுலயா?”

“எங்க வாடிக்கையாளருங்களுக்கு இதுதான் சரி. உன் கேப்டனுக்கா நான் ரொட்டி போடறேன்?”

“கேப்டன ஏன் இழுக்கறீங்க இப்போ?”

“நீதான் எதுக்கெடுத்தாலும் கப்பல்ல அப்படி, கப்பல்ல இப்படின்னு…”

“நான் எப்போ சொன்னேன்? வந்ததுலேருந்து ஒரு வார்த்த சொல்லியிருப்பேனா?”

“முந்தாநேத்து பன்னுக்குச் சொல்லல?”

உள்ளறையிலிருந்து மாமியாரும் வந்து, பன் விஷயத்தில் மகள் பக்கமும் உப்பு விஷயத்தில் மருமகன் பக்கமும் சேர்ந்துகொண்டார். மேலாளர் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, நடுவில் பேச ஒரு இடைவெளி கிடைக்குமா என்று காத்து நின்றார். கிடைப்பதாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ரொட்டிக்கான சில்லறையை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, யாரும் கவனிக்காமலே படியிறங்கிப் போனார். அவர் தெருமுனை திரும்பும் வரை மூன்று பேரின் குரலும் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது.